கார் கம்ப்ரஸர் மாற்றுதல்: ஒரு பட்டறை வேலையின் வரலாறு

காரின் குளிர்சாதனத்தில் எஞ்சினின் விசையை நேரடியாக வாங்கிச் சுழலும் உறுப்பு கம்ப்ரஸர் ஒன்றே ஆதலால், அந்த அமைப்பில் மிகக் கடுமையாக உழைப்பதும், பழுதானால் மிகுந்த செலவு வைப்பதும் அதுவாகவே இருந்து வந்திருக்கிறது. பயணிகள் அமரும் பகுதியின் வெப்பத்தைக் கூலிங் காயிலில் வாங்கி ஆவியாகி வரும் வாயுவை உறிஞ்சி, அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்சருக்குத் தள்ளுவது அதன் வேலை. கண்டன்சரில் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகும் அந்த வாயு, ஈரத்தைப் பிடித்துவைக்கும் டிரையர் வழியாகச் சென்று, எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையில் அழுத்தம் இழந்து, மீண்டும் கூலிங் காயிலை அடைகிறது. இச்சுற்றில் ஓடும் பொருள் பெரும்பாலும் திரவமாகவும் ஆவியாகவும் மாறிக்கொண்டே இருந்தாலும், பட்டறை வழக்கில் அதற்கு 'காஸ்' என்பதே பெயர்.

பழுதான கம்ப்ரஸரைக் கழற்றி வேறொன்றைப் பூட்டும் வேலை, அமெரிக்காவில் முதல் குளிர்சாதனக் கார்கள் விற்கப்பட்ட 1940 முதல் இன்றுவரை பெயரளவில் ஒன்றுதான். ஆனால் அதன் உள்ளடக்கம் ஏறத்தாழ முழுவதுமாக மாறிவிட்டது. தொடக்கத்தில் அது பெல்ட்டும் போல்ட்டும் ஸ்பானரும் சேர்ந்த இரும்பு வேலையாக இருந்தது; பின்னர் காஸையும் எண்ணெயையும் சிந்தாமல், கலக்காமல், ஈரம் படாமல் காக்கும் வேலையாக மாறியது. அம்மாற்றத்தைக் கொண்டுவந்ததில் பொறியாளர்களுக்கு இருந்த பங்கைவிட வேதியியலாருக்கும் சட்டம் இயற்றியோருக்கும் இருந்த பங்கு பெரிது என்பதே இவ்வரலாற்றிலிருந்து தெரியவருவது.

காருக்குள் குளிர்சாதனம் என்ற எண்ணம் நடைமுறைக்கு வந்ததே ஒரு புதிய காஸினால்தான். 1920களின் குளிர்பெட்டிகளில் ஓடிய சல்ஃபர் டையாக்ஸைடும் மீத்தைல் குளோரைடும் நச்சுத்தன்மை உடையவை; மூடிய கார்க் கூண்டுக்குள் அவை கசிந்தால் உயிருக்கே ஆபத்து. ஜெனரல் மோட்டார்ஸின் கிளை நிறுவனமான ஃப்ரிஜிடேருக்காக 1928இல் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய டைகுளோரோடைஃபுளோரோமீத்தேன் எரியாதது, நச்சற்றது, உலோகத்தை அரிக்காதது. ஃப்ரியான் என்ற வணிகப்பெயருடன் பரவி, பிற்காலத்தில் ஆர்-12 என்று அறியப்பட்ட அதன் தீங்கின்மையில் இருந்த நம்பிக்கை மிக ஆழமானது. அந்த நம்பிக்கையே பட்டறைகளில் ஒரு பழக்கத்தை உண்டாக்கியது: குழாயைத் தளர்த்துவதற்கு முன் காஸ் முழுவதையும் காற்றில் திறந்துவிடுவது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது அலட்சியமாகக் கருதப்படவில்லை. பாடப்புத்தகம் கற்பித்த முறையாகவே இருந்தது.

தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட குளிர்சாதனத்தை முதலில் விற்பனைக்கு வைத்தது பேக்கார்ட் நிறுவனம். 1940ஆம் ஆண்டு மாடல்களுக்காக அது அறிவித்த இந்த வசதியின் விலை 274 டாலர். கருவியைச் செய்துகொடுத்தது ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் இருந்த பிஷப் அண்ட் பாப்காக் நிறுவனம். கூலிங் காயிலும் விசிறியும் டிக்கியின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ள, கம்ப்ரஸர் மட்டும் எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்டிருந்தது. அக்கம்ப்ரஸருக்குக் கிளட்ச் கிடையாது. எஞ்சின் ஓடும்வரை அதுவும் ஓடும். குளிர் வேண்டாத நாளில் எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்றி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. காடிலாக் 1941இல் ஏறத்தாழ 300 கார்களில் இதைப்போன்ற ஏற்பாட்டைப் பொருத்தியது. அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கிக் கார் உற்பத்தி நின்றபோது இந்த முதல் முயற்சியும் நின்றது.

போருக்குப் பின் 1953இல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் மீண்டும் குளிர்சாதனத்தை அறிமுகப்படுத்தின. ஆயினும் பழுதுநீக்குவோரின் பார்வையில் திருப்புமுனையாக அமைந்தது 1954இன் நாஷ் அம்பாசடர் ஆகும். அதைச் செய்த நாஷ்-கெல்வினேட்டர் நிறுவனம் குளிர்பெட்டிகளும் செய்து வந்ததால், அதற்குக் குளிர்சாதன அறிவு வெளியிலிருந்து வர வேண்டியிருக்கவில்லை. 345 டாலருக்கு விற்கப்பட்ட அதன் ஏற்பாட்டில் எல்லா உறுப்புகளும் பானெட்டுக்கு அடியிலும் டாஷ்போர்டை ஒட்டியும் அடங்கின. கம்ப்ரஸரின் முன்னால் மின்காந்தக் கிளட்ச் ஒன்று வந்தது. புல்லி எப்போதும் சுழன்றுகொண்டிருக்க, சுருளில் மின்சாரம் பாயும்போது மட்டும் முன்தட்டு இழுக்கப்பட்டுப் புல்லியோடு ஒட்டித் தண்டைச் சுழற்றுவது இக்கிளட்சின் செயல்முறை. இதனால் ஓட்டுநருக்கு ஒரு சுவிட்ச் கிடைத்தது. பட்டறைக்கோ மூன்று புதிய பழுதுகள் கிடைத்தன. சுருள் கருகுவது, புல்லியின் பேரிங் அரைபட்டுச் சத்தமிடுவது, தட்டின் இடைவெளி தேய்ந்து அகன்று கிளட்ச் வழுக்குவது ஆகிய மூன்றும் அன்றுமுதல் கம்ப்ரஸர் மாற்றுவதற்கான காரணங்களில் இடம்பெற்றன. கிளட்சை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலையிலும் முழுக் கம்ப்ரஸரையே மாற்றிவிடும் வழக்கம் இன்றும் தொடர்வது வருந்தத்தக்கது. சரியான ஃபீலர் கேஜ் கொண்டு இடைவெளியை அளப்பதற்குச் சில நிமிடங்களே பிடிக்கும்.

1950களிலும் 1960களிலும் காருக்குக் குளிர்சாதனம் பொருத்தும் தொழில் வேரூன்றிய இடம் டெக்ஸாஸ். தொழிற்சாலையில் குளிர்சாதனம் இல்லாமல் வந்த கார்களுக்கு டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் பெட்டியொன்றைப் பொருத்திக்கொடுக்கும் நிறுவனங்கள் டல்லாஸ் வட்டாரத்தில் பெருகின. அவற்றுள் ஒன்றான ஜான் இ. மிட்செல் நிறுவனம் அதற்கு முன் பருத்தி அரைவை ஆலைகளுக்கான எந்திரங்களைச் செய்து வந்தது. அதன் மார்க் IV என்ற கார்க் குளிர்சாதனம் தென்மாநிலங்களில் பரவலாக விற்பனையானது.

அக்காலத்துக் கார்களில் மிகுதியாகக் காணப்பட்டவற்றுள் ஒன்று யார்க் கம்ப்ரஸர். நேர்நிற்கும் இரண்டு சிலிண்டர்கள், கிராங்க்ஷாஃப்ட், பிஸ்டன்கள், அடியில் தனக்கெனச் சொந்தமாக ஓர் எண்ணெய்த் தொட்டி என அது அமைப்பில் சிறிய எஞ்சினையே ஒத்திருந்ததால், எஞ்சின் வேலை தெரிந்த எவருக்கும் அதன் உட்புறம் புதிதாகத் தோன்றவில்லை. அதன் தலைப்பகுதியில் இருந்த தண்டு வால்வுகள்தாம் இவ்வரலாற்றில் தனிக் கவனத்துக்கு உரியவை. காஸ் உள்ளே வரும் குழாய்க்கு ஒன்றும் வெளியே செல்லும் குழாய்க்கு ஒன்றுமாக அமைந்த அவ்வால்வுகளுக்கு மூன்று நிலைகள் உண்டு. தண்டை முழுவதும் வெளிப்புறம் திருகினால் காஸ் வழக்கம்போல் ஓடும். நடுநிலையில் வைத்தால் அழுத்தமானி இணைக்கும் துளையும் திறக்கும். முழுவதும் உட்புறம் திருகினால் குழாய்வழி அடைபட்டுக் கம்ப்ரஸர் மட்டும் தனித்துவிடும். இந்த மூன்றாம் நிலையில், கம்ப்ரஸரின் வயிற்றுக்குள் இருந்த சிறிதளவு காஸை மட்டும் வெளியேற்றிவிட்டு, வால்வுகளைக் குழாய்களோடு அப்படியே விட்டு, போல்ட்டுகளைக் கழற்றிக் கம்ப்ரஸரைத் தூக்கிவிடலாம். புதியதைப் பூட்டி, வால்வைச் சற்றே திறந்து உள்ளிருக்கும் காற்றைத் தள்ளிவிட்டு இறுக்கினால் வேலை முடிந்தது. கண்டன்சரும் டிரையரும் கூலிங் காயிலும் தத்தம் காஸோடு தொடப்படாமல் இருந்தன. ஓர் உறுப்பை மாற்றுதல் என்ற சொற்றொடர் முழுப் பொருளோடு உண்மையாக இருந்த காலம் அது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1962இல் கொண்டுவந்த ஏ-6 கம்ப்ரஸர் வேறொரு வழியில் சென்றது. தண்டின்மீது சாய்வாகப் பொருத்தப்பட்ட தட்டொன்று சுழலும்போது, தண்டுக்கு இணையாகக் கிடக்கும் பிஸ்டன்கள் முன்னும் பின்னும் தள்ளப்படும் இவ்வமைப்பை சாய்தட்டு வகை எனலாம். அதிர்வு குறைவு, ஒரு சுழற்சிக்கு 206 கன சென்டிமீட்டர் வாயுவைத் தள்ளும் வலிமை உண்டு, ஆனால் எடை ஏறத்தாழ 16 கிலோ. அமெரிக்க நிறுவனங்கள் பலவும் அக்காலக் கம்ப்ரஸர்களுக்கு உதிரிப்பாகங்களை விற்றன. தண்டு வெளிவரும் இடத்தில் காஸைத் தடுத்துநிறுத்தும் ஷாஃப்ட் சீல், வாயுவை ஒருவழிப்படுத்தும் மெல்லிய எஃகு ரீடு வால்வுகள், ஓ-ரிங்குகள் ஆகியவை தனித்தனியே கிடைத்தன. கம்ப்ரஸரை மேசைமீது வைத்துப் பிரித்து, அளந்து, மறுபடி கோத்துக் கொடுப்பது தனித் திறமையாக மதிக்கப்பட்டது. இத்திறமைக்கு இடம் தந்த அளவில் ஏ-6 போன்ற கனத்த கம்ப்ரஸர்கள், தமக்குப் பின்வந்த இலகுவானவற்றைவிட உயர்ந்தவை என்று மதிப்பிடுவது தவறாகாது.

அடுத்த கட்டம் எடைக்குறைப்பின் காலம். 1969அளவில் அமெரிக்காவில் விற்ற புதிய கார்களில் பாதிக்கு மேற்பட்டவை குளிர்சாதனத்தோடு வந்தன. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் ஒவ்வொரு கிலோ எடையும் எரிபொருள் கணக்கில் எண்ணப்பட்டது. ஜப்பானின் இசெசாக்கியில் இருந்த சாங்க்யோ நிறுவனம் டல்லாஸின் மிட்செல் நிறுவனத்திடமிருந்து தொழில்நுட்ப உரிமம் பெற்று 1970களின் தொடக்கத்தில் ஐந்து சிலிண்டர் கொண்ட சிறிய அலுமினியக் கம்ப்ரஸர்களைச் செய்யத் தொடங்கியது. பின்னாளில் சாண்டன் என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்நிறுவனத்தின் கம்ப்ரஸர்கள் உலகெங்கும் பரவின. இப்புதிய வகைகளில் எண்ணெய்க்கெனப் பெரிய தொட்டி இல்லை. எண்ணெய் காஸோடு கலந்து சுற்று முழுவதும் ஓடித் திரும்பி வந்தே பிஸ்டன்களை நனைத்தது. தண்டு வால்வுகள் மறைந்து, சைக்கிள் டியூபின் வால்வைப் போன்ற ஷ்ரேடர் வால்வுகள் குழாய்களில் இடம்பிடித்தன. அவற்றால் அழுத்தத்தை அளக்க முடியும். கம்ப்ரஸரைத் தனிமைப்படுத்த முடியாது.

இவ்விரு மாற்றங்களும் சேர்ந்து கம்ப்ரஸர் மாற்றும் வேலையின் எல்லையை விரித்தன. இனி ஒரு கம்ப்ரஸரை எடுக்க வேண்டுமானால் சுற்று முழுவதையும் காலி செய்தே ஆக வேண்டும். திறந்த சுற்றுக்குள் காற்றும் ஈரமும் புகுந்துவிடுமாதலால், வேக்கம் பம்ப் வைத்து அவற்றை இழுத்தே ஆக வேண்டும். 25 பாகை செல்சியஸில் நீர் கொதிப்பதற்கு அழுத்தம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இறங்க வேண்டும் என்பதால், பம்ப் அந்நிலையைத் தாண்டி நெடுநேரம் ஓடினால்தான் குழாய்ச் சுவர்களில் ஒட்டிய ஈரம் ஆவியாகி வெளியேறும். எஞ்சிய ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைந்து வழியை அடைக்கும். ஆர்-12உடன் வினைபுரிந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். எண்ணெயின் கணக்கும் நுட்பமானது. பழைய கம்ப்ரஸரைக் கவிழ்த்து வடியும் எண்ணெயை அளந்து, அவ்வளவே புதிய எண்ணெயைப் புதியதில் ஊற்றுவதும், டிரையர் போன்றவற்றை மாற்றினால் அவற்றோடு போன அளவைச் சேர்ப்பதும் முறையாயின. குறைந்தால் கம்ப்ரஸர் இறுகும்; மிகுந்தால் எண்ணெய்ப் படலம் கூலிங் காயிலில் படர்ந்து குளிர் குறையும். பூட்டிய பின் தண்டைக் கையால் சிலமுறை சுழற்றும் வழக்கமும் இக்காலத்ததே. சிலிண்டருக்குள் தேங்கிய எண்ணெய் அமுங்காத திரவமாதலால், சுழற்றாமல் எஞ்சினை முடுக்கினால் ரீடு வால்வு உடையக்கூடும்.

1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் வெளியிட்ட ஆய்வு, ஆர்-12 உள்ளிட்ட குளோரோஃபுளோரோகார்பன்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் சிதைந்து குளோரினை விடுவித்து ஓசோனை அழிக்கும் என்று காட்டியது. அன்டார்க்டிகாவின் மேலே ஓசோன் கடுமையாகக் குறைந்திருப்பதை 1985இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் நெறிமுறை கையெழுத்தானது. தீங்கற்றது என்று அரை நூற்றாண்டாகக் காற்றில் விடப்பட்ட பொருள் இப்போது சட்டத்தின் பிடிக்குள் வந்தது. 1990இல் திருத்தப்பட்ட அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் 609ஆம் பிரிவு, கூலிக்குக் கார்க் குளிர்சாதனம் பழுதுபார்ப்போர் பயிற்சிச் சான்றிதழ் பெற வேண்டும், காஸை உறிஞ்சிச் சேமிக்கும் கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்று விதித்தது. 1992 ஜூலை 1 முதல் ஆர்-12ஐக் காற்றில் விடுவது குற்றமாயிற்று. அவ்வாண்டு நவம்பரிலிருந்து சிறிய டப்பாக்களைச் சான்றிதழ் இல்லாதவர் வாங்கவும் தடை வந்தது. ஒரு பவுண்டு ஆர்-12மீது 1990இல் 1.37 டாலராக இருந்த வரி 1995இல் 5.35 டாலரானது; 1995இன் இறுதியோடு வளர்ந்த நாடுகளில் உற்பத்தியே முடிவுற்றது. விலை ஏறிய ஆண்டுகளில் மயாமித் துறைமுகம் வழியாக ஆர்-12 கடத்திவரப்பட்டது.

மாற்றாக வந்த ஆர்-134ஏ குளோரின் அற்றது. ஓசோனுக்குத் தீங்கு செய்யாதது. 1994 மாடல்களுக்குள் அமெரிக்கப் புதிய கார்கள் ஏறத்தாழ அனைத்தும் அதற்கு மாறிவிட்டன. ஆனால் ஆர்-12இன் குளோரின் கம்ப்ரஸருக்குள் ஓசையின்றி ஒரு நன்மையும் செய்து வந்தது. உராயும் உலோகப் பரப்புகளில் மெல்லிய குளோரைடுப் படலத்தை உண்டாக்கி, எண்ணெய் குறைந்த தருணங்களிலும் தேய்மானத்தை அது தடுத்திருந்தது. ஆர்-134ஏ வந்தபோது அக்காவல் போயிற்று. பழைய கனிம எண்ணெயோ புதிய காஸோடு கலக்காமல் சுற்றின் தாழ்ந்த இடங்களில் தங்கிக் கம்ப்ரஸருக்குத் திரும்பாமல் போனது. ஆகவே பிஏஜி எனப்படும் செயற்கை எண்ணெயும் எஸ்டர் வகை எண்ணெயும் புகுந்தன. பிஏஜி காற்றின் ஈரத்தை வேகமாக உறிஞ்சும் தன்மையுடையது என்பதால், அதன் டப்பாவைத் திறந்து வைப்பதே தவறாயிற்று. இரு காஸ்களும் கலந்துவிடாதிருக்க இணைப்பு முனைகளின் வடிவமும் வேறாக்கப்பட்டது. பழைய காரைப் புதிய காஸுக்கு மாற்றும்போது அழுத்தம் உயர்ந்து முதிர்ந்த கம்ப்ரஸர்கள் பல பழுதானதால், 1990களின் பிற்பகுதி கம்ப்ரஸர் மாற்றும் தொழிலுக்கு மிக நெருக்கடியான காலமாக அமைந்தது.

இதே காலத்தில் கண்டன்சரின் வடிவமும் மாறியது. ஒற்றைக் குழாய் வளைந்து வளைந்து செல்லும் பழைய வகைக்குப் பதில், நுண்துளைகள் நிறைந்த தட்டைக் குழாய்கள் பல அருகருகே அமைந்த வகை வந்தது. உள்ளே அரைபட்டு இறந்த கம்ப்ரஸர், அலுமினியத் துகளும் டெஃப்லான் பொடியும் கருகிய எண்ணெயும் கலந்த கரிய சேற்றைச் சுற்றுக்குள் தள்ளிவிடும். அமெரிக்க மெக்கானிக்குகள் இதைக் 'கருஞ்சாவு' என்றே அழைத்தனர். பழைய கண்டன்சரைக் கரைப்பான் கொண்டு ஃபிளஷ் செய்து கழுவிவிட முடிந்தது. புதியதில் கரைப்பான் அடைபடாத துளைகள் வழியாகவே ஓடிவிடும். அடைபட்டவை அடைபட்டே கிடக்கும். அத்துகள் புதிய கம்ப்ரஸரைச் சில நாட்களிலேயே கொன்றுவிடுவதை உற்பத்தியாளர்கள் கண்டபின், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு, தேவையானால் கண்டன்சர் ஆகியவற்றையும் சேர்த்து மாற்றியதற்குச் சான்று காட்டாவிட்டால் கம்ப்ரஸருக்கு உத்தரவாதம் இல்லை என்ற நிபந்தனை பொதுவாயிற்று. ஓர் உறுப்பை மாற்றும் வேலை, சுற்று முழுவதையும் புதுப்பிக்கும் வேலையாக மாறிமுடிந்தது இந்தக் கட்டத்தில்தான்.

இந்தியாவில் இவ்வரலாறு பிந்தித் தொடங்கி விரைந்து நடந்தது. அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் குளிர்சாதனம் பெரும்பாலும் வெளியே பொருத்தப்படும் வசதியாகவே இருந்தது. 1985இல் ஜப்பானின் டென்சோ, சுசூகி நிறுவனங்களின் பங்கோடு சுப்ராஸ் என்ற நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகே உள்நாட்டுக் கம்ப்ரஸர் உற்பத்தி வலுப்பெற்றது. காஸின் வரலாற்றிலோ தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. குளோரோஃபுளோரோகார்பன்களை உற்பத்தி செய்த நான்கு இந்திய நிறுவனங்களுள் ஒன்றான கெம்பிளாஸ்ட் சன்மார் அவற்றை மேட்டூரில் தயாரித்தது. புதிய கருவிகளில் அவற்றைப் பயன்படுத்துவது 2003 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. உற்பத்தி, மான்ட்ரியல் நெறிமுறை விதித்த 2010க்கு முன்பாகவே, 2008 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. சென்னைப் புதுப்பேட்டையைப் போன்ற உதிரிப்பாகச் சந்தைகளில், உடைக்கப்பட்ட கார்களிலிருந்து எடுத்த கம்ப்ரஸர்கள் மறுவாழ்வு பெறுவதும், தனிப் பட்டறைகளில் சீலும் பேரிங்கும் மாற்றப்படுவதும், அமெரிக்காவில் அருகிப்போன மேசைத் திறமை இங்கே நெடுங்காலம் நீடித்ததைக் காட்டுகின்றன. அத்திறமை போற்றத்தக்கதே. ஆயினும் காஸை மீட்கும் கருவி இல்லாத பட்டறையில் அது காற்றிலேயே விடப்படுவதும் நடைமுறையாக இருப்பதால், தொழிலின் ஒரு பாதியே இங்கு வேரூன்றியது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆர்-134ஏவும் நிலைக்கவில்லை. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,430 மடங்கு புவியைச் சூடேற்றும் அதை, 2006இல் பிறப்பித்த ஆணையின்படி ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் எல்லாப் புதிய கார்களிலும் விலக்கியது. பதிலாக வந்த ஆர்-1234ஒய்எஃப் சற்றே எரியக்கூடியது என்பதால், மீட்கும் கருவிகளும் பொறி எழாத வகையில் அமைய வேண்டியதாயிற்று. மான்ட்ரியல் நெறிமுறைக்கு 2016இல் வந்த கிகாலித் திருத்தத்தை 2021இல் ஏற்ற இந்தியா, ஆர்-134ஏ போன்ற காஸ்களின் பயன்பாட்டை 2032 முதல் படிப்படியாகக் குறைக்க உடன்பட்டிருக்கிறது.

கம்ப்ரஸரை எஞ்சினிலிருந்தே பிரித்த மாற்றம் 2003இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸுடன் வந்தது. பெல்ட்டும் புல்லியும் கிளட்சும் இன்றி, உயர்மின்னழுத்த மோட்டார் ஒன்று கம்ப்ரஸரின் கூட்டுக்குள்ளேயே அமர்ந்து அதைச் சுழற்றுகிறது. மோட்டாரின் சுருள்கள் காஸிலும் எண்ணெயிலும் நனைந்தபடியே இயங்குகின்றன. எனவே எண்ணெய் உயவுப்பொருளாக மட்டுமின்றி மின்காப்புப் பொருளாகவும் இருந்தாக வேண்டும். எஸ்டர் வகை எண்ணெய் அத்தகையது; பிஏஜி அத்தகையதன்று. சாதாரணக் காருக்குப் பயன்படுத்திய கருவியின் குழாயில் எஞ்சிய சிறிதளவு பிஏஜி இச்சுற்றுக்குள் புகுந்தாலும் மின்காப்பு குன்றி, காரின் கட்டுப்பாட்டுக் கணினி மின்கசிவை உணர்ந்து வண்டியைக் கிளப்ப மறுக்கக்கூடும். இதனால் மின்கம்ப்ரஸரை மாற்றும் பட்டறைகள் ரப்பர்க் கையுறை அணிந்து, உயர்மின்னழுத்த இணைப்பைத் துண்டித்துக் காத்திருந்து, மின்னழுத்தம் இல்லை என்பதை அளந்து உறுதிசெய்த பிறகே போல்ட்டில் கைவைக்கின்றன; காஸ் ஏற்றும் கருவிகளும் ஒவ்வொரு முறையும் தம் குழாய்களைக் கழுவி எண்ணெய் எச்சத்தை நீக்கிய பிறகே இச்சுற்றோடு இணைக்கப்படுகின்றன. மின்கார்களில் அதே கம்ப்ரஸர் பேட்டரியையும் குளிர்விப்பதால், அது பழுதானால் பயணிக்கு வியர்ப்பதோடு நிற்பதில்லை. பேட்டரி சூடேறாதிருக்க மின்னேற்றத்தின் வேகமும் வண்டியின் ஆற்றலும் குறைக்கப்படுகின்றன.